பென்சில் கோட்டில் நின்ற கடல்

கொடைக்கானலில் நாற்பது வருடம் குழாய் வேலை பார்த்தவன் நான். ஏரியைச் சுற்றியுள்ள பங்களாக்களில் பாதிக்கு மேல் என் கை பட்ட குழாயில்தான் தண்ணீர் வருகிறது. ஆனால் அதற்காக என்னை இந்த ஊரில் ஒருவரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. ஏழாயிரம் அடி உயரத்தில், பனி விழுகிற ஊரில், ஒரு வீட்டுக்குள் கடலைக் கொண்டுவந்து நிறுத்தினேன் பாருங்கள், அதற்காகத்தான் 'கடல் மேஸ்திரி' என்கிறார்கள். கேலியாக ஆரம்பித்த பெயர்தான். இப்போது யாராவது அப்படிக் கூப்பிட்டால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. அதை மறைப்பானேன்?

நீங்கள் இப்போதுதான் இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிறீர்கள். எந்தக் குழாய்க்கு எந்தப் பசை, எத்தனை அடிக்கு ஒரு கிளாம்பு என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அது பசை டப்பாவிலேயே எழுதியிருக்கிறது. உங்கள் போனிலும் வீடியோவாகக் கிடைக்கிறது. அந்த ஒரு வேலையில் நான் செய்த இரண்டு தப்புகளையும், கடைசியில் ஒன்றுமே செய்யாமல் நின்று ஜெயித்த கதையையும் மட்டும் சொல்கிறேன்.

வீடு பூம்பாறை போகும் சாலையில், சரிவில் இருந்தது. தூத்துக்குடியில் கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் அதை வாங்கியிருந்தார். டீச்சர் என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். கடற்கரை வெக்கை அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, மலைக்குப் போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்குக் கடலை விட்டுவிட்டு வர மனசில்லை. வீட்டிலேயே குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்த கோமாளி மீன்கள், சிவப்பு இறால்கள், நத்தைகள் என்று ஒரு குடும்பமே வைத்திருந்தார். பவளம் வளர்ப்பது சட்டப்படி கூடாது என்று அதை மட்டும் தொடவில்லை. கோமாளி மீன்களில் மூத்த ஜோடிக்குப் பதினாறு வயது. மீனுக்கு அது கொள்ளுப்பாட்டி வயது என்று சொல்லிச் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு இன்னொன்றும் சொன்னார்.

"மேஸ்திரி, இதுங்க செத்துப்போச்சுன்னா இன்னொரு தடவ மொதல்ல இருந்து ஆரம்பிக்க எனக்கு வயசு கெடையாது. இத மனசுல வச்சிக்கிட்டுக் குழாயப் போடுங்க."

நான் தலையாட்டினேன். எனக்கும் அது கடைசிப் பெரிய வேலை. முழங்கால் இரண்டும் படியேற மறுத்துக்கொண்டிருந்தன. போகும்போது ஒரு நல்ல வேலையோடு போக வேண்டும் என்று ஆசை இருந்தது.

அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். மேலே கூடத்தில் எட்டடி நீளக் கண்ணாடித் தொட்டி. அதற்கு நேர் கீழே, சரிவைப் பார்த்த அறையில், அதில் பாதிகூட இல்லாத இன்னொரு தொட்டி. மேல்தொட்டி விளிம்பில் வழிகிற தண்ணீர் ஒரு குழாய் வழியாகக் கீழே இறங்கும். கீழ்த்தொட்டியில் சுத்தமாகி, சூடேறி, பம்பு தள்ள, இன்னொரு குழாய் வழியாக மேலே போகும். ராத்திரி பகல் இந்தச் சுற்று நிற்காமல் ஓட வேண்டும். பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. பள்ளத்து ஊற்றிலிருந்து இருநூறு அடி மேலே இருக்கிற பங்களாவுக்குத் தண்ணீர் ஏற்றியவனுக்கு இந்தப் பத்தடி ஒரு உயரமா?

முதல் தப்பு அந்தச் சிரிப்பிலேயே ஆரம்பித்தது. மலையில் வேலை பார்க்கிற நாம் பிளாஸ்டிக் வால்வை மதிப்பதில்லை. ஜனவரிப் பனியில் அது விரிசல் விடும் என்று நமக்குத் தெரியும். அதனால் பித்தளை வால்வுகளாகத் தேர்ந்தெடுத்து, பளபளவென்று துடைத்து, கீழ் அறையில் வரிசையாக மாட்டினேன். நகைக்கடை போல இருந்தது. டீச்சர் இறங்கி வந்தார், பார்த்தார்.

"எல்லாத்தையும் கழட்டிருங்க" என்றார்.

"டீச்சர், இது முதல் தரமான சரக்கு. பனிக்கு அசையாது."

"வீட்டுக்குள்ள, இருபத்தஞ்சு டிகிரியில நிக்கப்போற தண்ணிக்கு எங்கய்யா பனி? பித்தளையில செம்பு இருக்குல்லா? உப்புத் தண்ணி அத அரிச்சுக் கரைச்சிரும். மீனு தாங்கினாலும் தாங்கும். இறாலு ஒண்ணுகூட மிஞ்சாது."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன், இரண்டு நாள் அந்தப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் வீட்டில் உட்கார்ந்து யோசித்தால், அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. என் மலைக்கு எது சரி என்பது எனக்குத் தெரியும். அவர் தண்ணீருக்கு எது சரி என்பதை நான் கேட்கவே இல்லை. போய்க் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் வால்வுகளை மாட்டினேன். அவர் ஒன்றும் சொல்லிக்காட்டவில்லை, காபி கொடுத்தார். அந்தக் காபியைக் குடிப்பதுதான் சிரமமாக இருந்தது.

இரண்டாவது தப்பு இதைவிடப் பெரியது. அதைச் சொல்ல எனக்கு இன்றும் கூச்சம்தான்.

டீச்சர் ஆரம்பத்திலிருந்து ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். "கரண்டு போனா என்ன ஆகும்?" இந்த ஊரில் காற்றடித்தால் மரம் விழும், மரம் விழுந்தால் கரண்டு போகும். நியாயமான கேள்விதான். பம்பு நின்றதும் மேலே போன குழாயே தண்ணீரைக் கீழே இழுக்க ஆரம்பிக்கும். மேல்தொட்டித் தண்ணீர் முழுக்க இறங்கிவந்தால் கீழ்த்தொட்டி கொள்ளாது. நான் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைச் சொன்னேன்.

"என்.ஆர்.வி. போட்டிருக்கேன் டீச்சர்."

தண்ணீரை மேலே போகவிட்டு, திரும்பி வரவிடாமல் பூட்டுகிற வால்வு அது. மலையில் நம் பிழைப்பே அதை நம்பித்தான். அது இருக்கிற தைரியத்தில் மேலே தண்ணீர் விழுகிற குழாயின் வாயைத் தொட்டியின் அடிவரைக்கும் இறக்கிவிட்டிருந்தேன். அப்படி விட்டால் சளசளவென்று சத்தம் வராது, நாசூக்காக இருக்கும் என்று என் எண்ணம்.

உப்புக் கலக்குவதற்கு முன்னால் வெறும் தண்ணீரை நிரப்பிச் சோதித்தோம். பம்பை நிறுத்தினேன். விளிம்புத் தண்ணீர் கொஞ்சம் இறங்கியது, நின்றது. ஐந்து நிமிடம் பார்த்தேன். "பாத்தீங்களா டீச்சர்" என்றேன். என் குரலில் இருந்த திமிர் எனக்கே கேட்டது. பம்பை அப்படியே நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டுப் பசை வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன்.

ஒரு மணி நேரம் கழித்து வந்தால் கீழ் அறையில் கணுக்கால் அளவு தண்ணீர். பூம்பாறையிலிருந்து கூலி வேலைக்கு வந்திருந்த பெண் ஒருவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளியால் மொண்டு வாசல் பக்கம் வீசிக்கொண்டிருந்தார். தரையில் அடுக்கியிருந்த உப்பு மூட்டைகள் நனைந்து கரைந்துகொண்டிருந்தன. கடல் அன்றைக்கே தயாராகிவிட்டது, தரையில். மேலே தொட்டியில் பாதிதான் மிச்சம்.

குழாயை அடைத்துவிட்டு என்.ஆர்.வி.யைக் கழற்றி வெளியே வாசல்படிக்குக் கொண்டுபோனேன். உள்ளே மூடிக்கும் விளிம்புக்கும் நடுவில் ஒரு நூல் சிக்கியிருந்தது. சணல் நூல். மூடி மயிரிழை அளவு திறந்து நின்று, சொட்டுச் சொட்டாக விட்டு, பிறகு ஓட விட்டிருக்கிறது. ஐந்து நிமிடத்தில் கண்ணுக்குத் தெரியாதது ஒரு மணி நேரத்தில் அறையை நிரப்பிவிட்டது.

அந்தச் சணல் என்னுடையது. குழாய் மூட்டில் கசியாமல் சுற்றுகிற வெள்ளை டேப்பை நான் ஒருநாளும் முழுசாக நம்பியதில்லை. குளிரில் திருகு மரை சுருங்கும், டேப் விட்டுக்கொடுக்கும் என்று, டேப்புக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் இரண்டு சுற்றுச் சணல் சுற்றுவேன். நம் ஊர்ப் பழைய கைகள் எல்லோரும் செய்கிற காரியம். இரும்புக் குழாய்க்கு அது சரி. இங்கே அதில் ஒரு இழை பிரிந்து தண்ணீரோடு போய் வால்வில் உட்கார்ந்துவிட்டது.

படியில் என்னைத் தவிர யாரும் இல்லை. அந்த நூலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, 'வால்வு சரியில்ல டீச்சர், வேற மாத்திருவோம்' என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். வாயில் அந்த வார்த்தை வந்தேவிட்டது. ஆனால் வேறு வால்வை மாட்டினால் வேறு நூல் வரும். அப்போது உள்ளே அந்தப் பதினாறு வயது ஜோடி இருக்கும். நூலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உள்ளே போய், "என் கைச் சணல்தான் டீச்சர், தப்பு என்னோடது" என்றேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த நூலைப் பார்த்தார். "சணல் இல்லேன்னா நத்தை போயி உக்காரும். நத்தை இல்லேன்னா மணலு. உள்ள இத்தன உசிரு இருக்கும்போது வால்வு எப்பிடி மேஸ்திரி மூடும்?" என்றார். திட்டவில்லை. அவர் முகம் சோர்ந்துபோனதைப் பார்த்தபோது, இதற்குத் திட்டியிருக்கலாமே என்று இருந்தது. "மீனுகளத் தூத்துக்குடியிலயே யாருக்காவது குடுத்திரலாமோன்னு தோணுது" என்றார்.

அப்போதுதான் வாளியோடு நின்றிருந்த அந்தப் பூம்பாறைப் பெண் வாயைத் திறந்தார்.

"அண்ணே, நீங்க ஓஸ் தலையத் தண்ணிக்கு உள்ள முக்கி வச்சா அது இழுக்கத்தான செய்யும்?"

எனக்கு எரிச்சல். "இது ஓஸ் இல்லம்மா" என்றேன்.

"என்னவோ ஒரு குழாய். எங்க பூண்டுக் காட்டுல மேல தொட்டியில இருந்து கீழ்ப்படிக்கு ஓஸ் போட்டுத்தான் தண்ணி எறக்குவோம். ஒருக்கா உறிஞ்சி விட்டா அது பாட்டுக்கு வந்துக்கிட்டே கெடக்கும். வேணாம்னா ஓஸ் தலையத் தண்ணிக்கு மேல தூக்குனாப் போதும், காத்துப் புகுந்துரும், நின்னுரும்."

"தூக்க ஆள் இல்லேன்னா?" என்று டீச்சர் கேட்டார்.

"அதுக்குத்தான் ஓஸ்ல ஓட்டை போட்டு வைப்போம்மா. எங்களுக்கு வேற சோலி இல்லையா, ஓஸையே பாத்துக்கிட்டு நிக்க? தொட்டியில பாதித் தண்ணி வீட்டுக்கு வேணும்னா அந்தப் பாதி மட்டத்துல ஓட்டை. தண்ணி ஓட்டைக்குக் கீழ எறங்குனதும் காத்த உறிஞ்சிக்கிட்டுத் தானா நின்னுரும். வால்வும் வேணாம் ஒண்ணும் வேணாம்."

சொல்லிவிட்டு அவர் மறுபடி வாளியை எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டார். டீச்சர் என்னைப் பார்த்தார், நான் டீச்சரைப் பார்த்தேன். நாற்பது வருடமாகத் தண்ணீரை எப்படி ஓட வைப்பது என்றே யோசித்துக்கொண்டிருந்தவன் நான். ஓட்டம் நின்றால் தண்ணீர் எங்கே போய் நிற்கும் என்பதை அந்தப் பெண் ஒரு ஓட்டையில் முடித்துவிட்டார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷம்தான் கூட.

போட்ட திட்டத்தை அன்றே கிழித்துப் போட்டேன். இந்தத் தடவை கேள்வியைத் தலைகீழாக வைத்துக்கொண்டேன். பம்பு நின்றுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம், அப்புறம் என்ன நடக்கும் என்று அங்கிருந்து ஆரம்பித்துக் குழாயை வரைந்தேன். என்.ஆர்.வி.யைத் தூக்கி எறிந்தேன். மேல்குழாயின் வாயைத் தண்ணீர் மட்டத்துக்கு இரண்டு விரல் கீழே கொண்டுவந்தேன். அதற்கும் மேலே, மட்டத்துக்கு ஒரு விரல் கீழே, குழாயில் இரண்டு ஓட்டைகள். ஒன்று அடைத்தாலும் இன்னொன்று இருக்கும். பாசியோ உப்போ அடைக்காமல் வாரம் ஒருமுறை ஈர்க்குச்சியால் குத்திவிட வேண்டியது டீச்சர் பொறுப்பு.

பிறகு பம்பை நிறுத்தினால் எவ்வளவு தண்ணீர் இறங்கும் என்று கணக்குப் போட்டு, கீழ்த்தொட்டியில் அவ்வளவு தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றிப் பார்த்தேன். தொட்டிக்குப் பின்னால் சுவரில் பென்சிலால் இரண்டு கோடு போட்டேன். கீழ்க்கோடு, பம்பு ஓடும்போது தண்ணீர் நிற்கிற இடம். மேல்கோடு, பம்பு நின்றால் தண்ணீர் வந்து நிற்க வேண்டிய இடம். மேல்கோட்டுக்கும் தொட்டி விளிம்புக்கும் ஒரு சாண் மிச்சம் வைத்தேன். புது உப்பு வாங்கிக் கலந்தோம். தண்ணீர் பக்குவப்படுவதற்காகக் காத்திருந்த வாரங்களில் நான் தினமும் போய்ச் சொல்லாமல் கொள்ளாமல் பிளக்கைப் பிடுங்குவேன். ஐந்து நிமிடம் இல்லை, அரை நாள் அப்படியே விட்டுவிடுவேன். ஒருநாளும் தண்ணீர் கோட்டைத் தாண்டவில்லை.

மீன்கள் வந்த நாளுக்கு வருகிறேன்.

தூத்துக்குடியிலிருந்து வேன் வெள்ளனே புறப்பட்டு, வத்தலக்குண்டு வழியாக மலையேறி, பதினோரு மணிக்கு வந்து சேர்ந்தது. ஆக்சிஜன் அடைத்த பைகளை டீச்சர் தொட்டியில் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கலந்து பழக்கி, ஒவ்வொன்றாக விட்டார். கடைசியாக மூத்த ஜோடி. பெண் மீன் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கல்லுக்கு அடியில் போய் நின்றுகொண்டது. வேன் டிரைவர் கைதட்டினார். மதியம் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தோம். வெளியே மேகம் இறங்கி, காற்று பலமாக அடித்தது. சாலையில் எங்கோ மரம் விழுகிற சத்தம் கேட்டது. விளக்கு அணைந்தது. பம்பு நின்றது.

அந்த அமைதி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பின்னாலேயே தண்ணீர் குழாய்க்குள் தடதடவென்று இறங்குகிற சத்தம். டிரைவர்தான் முதலில் கீழே ஓடினார்.

"டீச்சர், தண்ணி ஏறுது! வெரசா வாங்க, வழியப் போகுது!"

நாங்கள் இறங்கிப் போனபோது அவர் வாளியை எடுத்து மொள்ளக் குனிந்திருந்தார். கீழ்க்கோடு முங்கியிருந்தது. தண்ணீர் கண்ணெதிரே ஏறிக்கொண்டிருந்தது. என் கையைப் பாருங்கள், அது தானாக இறங்குகுழாய் வால்வின் மேல் போய்விட்டது. எது என்றாலும் முதலில் வால்வை மூடு என்பது நாற்பது வருடப் பழக்கம். மூடியிருந்தால் அந்த நிமிடத்துக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் கரண்டு வந்ததும் பம்பு தண்ணீரை மேலே தள்ளும், இறங்க வழியில்லாமல் மேல்தொட்டி கூடமெல்லாம் வழியும். டிரைவர் மொண்டு கொட்டியிருந்தாலும் ஆபத்துதான். இறங்கி வந்தது மேலே திரும்பிப் போக வேண்டிய தண்ணீர். அது குறைந்தால் பம்பு வெறுமனே சுற்றிக் கருகும்.

கையை வால்விலிருந்து எடுத்துச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். "வாளியக் கீழ வைங்க. யாரும் எதையும் தொடாதீங்க" என்றேன்.

"அண்ணே, வெளையாடுறீங்களா? ரெண்டு நிமிசத்துல ரொம்பிரும்!"

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "மேஸ்திரி?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

"கோட்டப் பாருங்க டீச்சர்."

தைரியமாகச் சொல்லிவிட்டேனே தவிர, நானும் கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சும்மா பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தது வேறு. இப்போது மேலே உயிர் இருக்கிறது. மேல்கோட்டுக்கு நான்கு விரல் இருந்தது. மூன்று விரல். இரண்டு. டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அப்போது மேலே கூடத்திலிருந்து, காலி டம்ளரில் ஸ்ட்ரா உறிஞ்சுவது போல ஒரு சத்தம் கேட்டது. ஓட்டை காற்றை உறிஞ்சிவிட்டது. குழாயில் தடதடப்பு அடங்கியது. தண்ணீர் மிச்சமிருந்த இரண்டு விரலும் ஏறி, பென்சில் கோட்டைத் தொட்டு, ஆடி, நின்றது.

டீச்சர் குனிந்து, கோட்டுக்கு நேரே கண்ணாடியில் விரலை வைத்துப் பார்த்தார்.

காற்று விடுகிற சின்ன மோட்டாரை இன்வெர்ட்டரில் மாட்டியிருந்தோம், அதனால் மீன்களுக்கு மூச்சுக்குக் குறைவில்லை. தண்ணீர் குளிராமல் இருக்க, வீட்டில் இருந்த கம்பளிகளையெல்லாம் எடுத்துத் தொட்டியைச் சுற்றிப் போர்த்தினோம். நாலு மணி நேரம். நான் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு கீழ்த்தொட்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இருட்டுவதற்கு முன்னால் கரண்டு வந்தது. பம்பு உறுமியது. தண்ணீர் மேல்கோட்டிலிருந்து இறங்கி, வந்த வழியே மேலே போய், கீழ்க்கோட்டில் வந்து நின்றது. மேலேயும் கீழேயும் ஒரு சொட்டு தரையில் இல்லை. டிரைவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

கம்பளியை விலக்கியபோது மூத்த ஜோடி இரண்டும் கல்லுக்கு அடியிலிருந்து வெளியே வந்திருந்தன. டீச்சர் தீனி போட்டார். பெண் மீன் வந்து அவர் விரல் நுனியிலேயே கொத்தித் தின்றது. அவர் தீனி டப்பாவை மூடி வைத்தார். பிறகு திரும்பினார்.

"முப்பது வருசம் பரீட்சைப் பேப்பர் திருத்தியிருக்கேன் மேஸ்திரி. கையப் பையில விட்டுக்கிட்டு நின்னு நூத்துக்கு நூறு வாங்குன ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன்."

என் வேலைக்கு இந்த ஊரில் எத்தனையோ பேர் நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒன்றுக்குத்தான் எனக்குக் கண் கலங்கியது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் ஃபெயில். அந்தப் பூம்பாறைப் பெண்ணின் பெயரை நான் கேட்கவில்லை. அந்த வாரக் கூலி வேலை முடிந்ததும் அவர் வரவில்லை. மீன் வந்த பிறகு பஸ் ஏறிப் பூம்பாறைக்கே போனேன். படிப்படியாகப் பூண்டு நின்ற சரிவில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்களிடம், "ஓஸ்ல ஓட்டை போட்டுத் தண்ணிய நிறுத்துற அக்கா யாரும்மா?" என்று கேட்டேன். எல்லோரும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். "இங்க எல்லாருந்தாண்ணே போடுவோம்" என்றார் ஒருவர். அதனால்தான் அதற்குப் 'பூம்பாறை ஓட்டை' என்று பெயர் வைத்தேன். இன்று உங்களில் சிலர் அந்தப் பெயரைச் சொல்லி வேலை பார்ப்பதைக் கேட்கிறேன், நல்லது. நீங்கள் வேலை செய்கிற இடத்தில் வாளி பிடித்து நிற்கிறவர் பெயரை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

நான்கு மாதம் கழித்து ஒரு காலையில் டீச்சர் போன் செய்தார். ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்துச் செருப்பை மாட்டப் போய்விட்டேன்.

"செருப்பெல்லாம் மாட்ட வேண்டாம்" என்றார் அவர், சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டு. "மூத்தவ முட்டை போட்டிருக்கா மேஸ்திரி. உங்க ஓட்டைக்கு நேர் கீழ, அந்தக் கல்லு மேலயே."